முக்கொம்பில் பெண்கள் மைக் பிடித்த நாள்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவள் நான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே வாக்கியத்தில் ஊர்கோலம் போய்விடுவேன், நடுவில் மறந்தும்போகும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு வாசனை மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. ஆம்ப்ளிஃபயர் என்கிற அந்தத் தகரப் பெட்டியை அப்பா முடுக்கிவிட்டதும் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்து சூடேறி, மேலே படிந்த தூசி கருகி, தீய்ந்த சீரகம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும். அது மூக்கில் ஏறினால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல் வானத்திலிருந்து வரப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் தெருக்காரர்கள் செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்னப் பெண், "போன் இல்லாத காலத்துல கூட்டத்துல ஒருத்தர ஒருத்தர் எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்கு ஏதோ பேசி அனுப்பினார்கள். எனக்குப் பேசக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவானைக்காவலில் எங்கள் வீடு ஒற்றை அறை. அதில் பாதியை அப்பாவின் 'மைக் செட்' பிடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி என்ற சொல்லெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது, அப்போது எங்களுக்கு அது 'குழாய்' தான். மூன்று குழாய்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கும். அப்பா வெளியே போன சமயம் பார்த்து அம்மா ஒரு குழாயை எடுத்து, ஓடித்திரிகிற கோழியை மூடிவைப்பாள். ஒருமுறை கல்யாண வீட்டில் மரத்தில் ஏற்றிய குழாயிலிருந்து கோழி இறகு ஒன்று மிதந்து மிதந்து வந்து மாப்பிள்ளையின் தலைப்பாகையில் உட்கார்ந்துவிட, அப்பாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் வீடு வரைக்கும் ஆறவில்லை.

அப்பாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. வீட்டில் "ஏ கழுத, தண்ணி எடுத்தா" என்பவர், மைக்கைப் பிடித்தால் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்துவிடுவார். கூட்டத்தில் யாராவது குழாயைப் பார்த்து எதிர்ப்பேச்சு பேசினால், "கத்தாதீங்கய்யா, குழாய்க்கு வாய்தான் உண்டு, காது கிடையாது" என்று சிரிப்பார். அந்த வாயும் ஆண்களுக்கான வாய்தான். பெண்பிள்ளைகள் மைக்குக்கு அருகில் போனாலே என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு" என்று பழமொழியை எடுத்து வீசுவாள்.

ஆடிப்பெருக்கு வந்தால் முக்கொம்பில் மைக் கட்டுகிற வேலை அப்பாவுக்கு வரும். விடிவதற்குள் பஸ்ஸின் கூரையில் குழாய்களைக் கட்டி ஏற்றுவோம். கண்டக்டர், "இதுங்களுக்கும் டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்று வருஷம் தவறாமல் அதே கேலியைப் பண்ணுவார், நாங்களும் வருஷம் தவறாமல் சிரிப்போம். அங்கே போனால் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் மதகுகளில் விழுந்து புரளும். காவேரியும் கொள்ளிடமும் பிரிகிற அந்த இடத்தில் ஊர்ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்து ஆற்றைக் கும்பிட்டுவிட்டு, மரத்துக்கு மரம் பாய் விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். ஒரு குழாய் நுழைவுப் பக்கம் வேப்பமரத்தில், ஒன்று நடுவில் புளியமரத்தில், ஒன்று கடைக்கோடியில் ஆற்றோரம் இருந்த ஆலமரத்தில். நுழைவுப் பக்கத்திலேயே கீற்றுப் பந்தல் போட்டு அப்பா உட்கார்ந்துவிடுவார். பாட்டுத் தட்டு ஓடும். நடுநடுவே செருப்பு தொலைந்தவர்கள், தூக்குச்சட்டியை மறந்தவர்கள், வண்டியை வழியில் நிறுத்தியவர்கள் எல்லாருக்கும் அறிவிப்பு வரும்.

நான் நாலாவது படித்த வருஷம். உச்சிப்பொழுதில் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி ஒருவர் பந்தலுக்கு ஓடிவந்தார். அவர் பெண் குழந்தையைக் காணோம். பெயர் தனலட்சுமி, கூப்பிடுவது தனம், நாலு வயசு. பின்னாலேயே அவருடைய அம்மாவும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் மனைவி செல்லம்மாளும் வந்து நின்றார்கள். செல்லம்மாள் அழக்கூட இல்லை. பார்வை ஆற்றுப் பக்கமே இருந்தது. அங்கே இருந்த எல்லார் பார்வையும் அங்கேதான் போனது.

அப்பா மைக்கை எடுத்தார். "பச்சைப் பாவாடை அணிந்த, நான்கு வயது மதிக்கத்தக்க, தனலட்சுமி என்ற பெண் குழந்தை காணவில்லை. கண்டவர்கள் ஒலிபெருக்கிப் பந்தலில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கமாக யாராவது ஒருத்தர் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்துவிடுவார். அன்றைக்கு யாரும் வரவில்லை.

அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்த என் அம்மா, பொதுவில் வாயே திறக்காதவள், திடீரென்று சொன்னாள்: "இந்தாங்க, நீங்க பேசுற தமிழு பெரியவங்களுக்கே பாதி வெளங்கல. நாலு வயசுப் புள்ளைக்கு என்ன வெளங்கும்? பெத்தவ கூப்புடட்டும்."

"எங்க வூட்டுப் பொம்பளையா? ஊரு சனம் பூரா கேக்கவா?" என்று அந்த விவசாயி தயங்கினார். அப்பாவும் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அந்த மாமியார்க் கிழவி மகனைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். "ஏண்டா, புள்ள ஆத்தோட போச்சுன்னா ஒன் ரோசமாடா நீந்திப் போயித் தூக்கியாரும்? தள்ளு அங்குட்டு! ஏ செல்லம்மா, பேசுடி!"

செல்லம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். முதலில் அவள் மூச்சு மட்டும்தான் முக்கொம்பு முழுக்கக் கேட்டது. பிறகு, "தனம்… ஏ தங்கம்… அம்மா கூப்புடுறேன் சாமி. அம்மா இங்கதான் இருக்கேன், ஓடியா" என்றாள். அதுவரை அந்தக் குழாயில் ஒரு பெண் பேசி யாரும் கேட்டதில்லை. வாய்க்குக் கொண்டுபோன கவளம் வழியிலேயே நின்றது. மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் அப்போதுதான் எனக்குத் தனியாகக் கேட்டது.

அப்படியும் பிள்ளை வரவில்லை.

எனக்கு அப்போது என் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். கல்யாண வீடுகளில் அப்பாவின் குரல் கேட்டால் அவன் அப்பா உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போகமாட்டான். குழாய் கட்டின மரத்தடிக்குப் போய்க் கையில் இருக்கிற முறுக்கை மேலே தூக்கிக் காட்டுவான். நான் அம்மாவின் காதில் சொன்னேன்: "அம்மா, அந்தப் புள்ள குழாய்கிட்ட போயிருக்கும்மா." உரக்கச் சொல்லக் கூச்சம். அம்மாதான் உரக்கச் சொன்னாள், சொல்லிவிட்டு, "நீ பேச்ச மட்டும் நிறுத்தாத தாயி. கொரலு நின்னா புள்ள வேற எங்கயாச்சும் போயிரும்" என்று செல்லம்மாளிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்த விவசாயியும் எங்களோடு ஓடினார்.

நிறுத்தாமல் பேசு என்றால் பாவம் அவள் என்னத்தைப் பேசுவாள்? வீட்டில் நடந்ததையெல்லாம் பேசினாள். "புளிச்சோறு கட்டியாந்திருக்கேன் தங்கம். அப்பளம் ஒனக்குன்னு தனியா ஒளிச்சு வச்சிருக்கேன், அப்பாயிக்குக்கூடக் காட்டல…" உடனே குழாயில் இன்னொரு குரல், மாமியாருடையது: "அடிப்பாவி! அப்பளம் தீந்துபோச்சுன்னியேடி காலையில!" பாய்களில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். செல்லம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. "ஒங்கப்பாரு ஆத்துல எறங்கவே இல்ல சாமி, பயம் அவருக்கு. கரையில நின்னு செம்பால மோந்து ஊத்திக்கிட்டாரு. நீ சிரிச்சியே, ஞாபகம் இருக்கா? வாடி தங்கம்…"

நாங்கள் புளியமரத்தை அடைந்தபோது அந்தக் குழாயிலும் இதுவே கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே பிள்ளை இல்லை. ஓடுகிற மனிதரைப் பார்த்து யாரோ ஒரு வாலிபன், "அண்ணே, செம்பு வேணுமாண்ணே?" என்று கேட்டான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றோரத்து ஆலமரத்தை நோக்கி ஓடினார். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர் அந்தக் கரையோரமாகவே ஓடினார்.

அங்கேதான் இருந்தாள் தனம். மரத்தைக் கட்டிக்கொண்டு, கழுத்து ஒடிகிற மாதிரி மேலே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டு அப்பளம் வேணும். அப்பாயிக்கு ஒண்ணு குடுத்துரு. எறங்கி வாம்மா… ஏன் மேல போயி ஒக்காந்திருக்கே?"

அந்த மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தார், "ரொம்ப நேரமா மரத்தோட பேசிக்கிட்டிருக்குங்க. எங்க புள்ளைங்களோட வெளையாடிக்கிட்டு இருந்துச்சு, பக்கத்துப் பாய்க்காரவங்க புள்ளைன்னு நெனச்சோம்" என்றார்கள். பக்கத்துப் பாய்க்காரர்கள் இவர்கள் பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள். அப்பா அறிவித்த தனலட்சுமியை எல்லாரும் வேறெங்கோதான் தேடியிருக்கிறார்கள்.

அப்பன் தோளில் ஏறி அந்தப் பிள்ளை பந்தலுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் கடந்துபோகிற இடமெல்லாம் ஜனங்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள், கைதட்டினார்கள், ஒரு பாட்டி குலவை இட்டாள். செல்லம்மாள் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். தனம் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆலமரத்துப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டது: "அப்ப மேல இருக்குற அம்மா? அதயும் கூட்டிக்கிட்டு வா."

சிரிப்பு அடங்கியதும் அப்பா பாட்டுத் தட்டை எடுத்தார். ஆனால் போட முடியவில்லை. பந்தல் வாசலில் பெண்கள் வரிசை! "அண்ணே, நானும் ஒரு தடவ பேசிக்கிறேன்." ஒருத்தி தன் நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஒருத்தி, "ஏ சரோசா, ஊறுகா ஜாடி ஒங்கிட்டதாண்டி இருக்கு, தின்னு தீத்துராத" என்றாள். உறையூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு வீட்டுக்காரரைக் காணோம். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம்தான் கிடையாதே. மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "ஏங்க… உங்களத்தாங்க… சாப்புட வாங்க" என்றாள். சீட்டாடினவர், மரத்தடியில் தூங்கினவர், தண்ணீரில் நின்றவர் என்று முக்கொம்பில் இருந்த அத்தனை புருஷன்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அப்பாவும்தான். "பேட்டரி எறங்கிரும், பேட்டரி எறங்கிரும்" என்று அவர் போட்ட புலம்பலையும் மைக் வாங்கி ஊருக்கே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பழமொழியை எடுத்தாள். அம்மா, "சிரிச்சோம் அண்ணி, ஒண்ணும் போகல. புள்ள கெடச்சுச்சு" என்று சொல்லிவிட்டுக் கோழியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷத்திலிருந்து குழாய் கட்டின ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் ஆளை நிறுத்துவது அப்பாவின் வழக்கமானது; காணாமல் போன பிள்ளைகளைக் கூப்பிடுவது அம்மாவின் வேலையானது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு மைக் கட்டப் போனால்கூட, "அந்தம்மா வரலியா? எங்காத்துப் பிள்ளையையும் செத்தெ கூப்பிடச் சொல்லுங்களேன்" என்று மாமிகள் தேடி வருவார்கள். அம்மா என் கையில் மைக்கைக் கொடுத்துப் பார்த்தாள். எனக்கு இருமல்தான் வந்தது.

இந்த ஆடிக்கு மகன் குடும்பத்தோடு முக்கொம்பு போயிருந்தேன். குழாய்களும் இல்லை, கீற்றுப் பந்தலும் இல்லை. கூட்டத்தில் நான் வழிதப்பி நின்றதும் பேத்தி போனில் என் இடத்தைப் பார்த்து நேரே வந்து கையைப் பிடித்துவிட்டாள். நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். வயசானவளுக்கு அது பெரிய தைரியம். வெளியூரில் இருக்கிற என் மகள் நாங்கள் கட்டியிருந்த கட்டுச்சோற்றைப் போனில் அங்கிருந்தே பார்த்து, உப்பு கம்மியாக இருக்கும்போல என்று நிறத்தை வைத்தே சொன்னாள். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் மட்டும் யார் எவர் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. நானே எழுந்துபோய் ஒரு கை புளிச்சோறு கொடுத்துவிட்டு, பேச வராமல் சிரித்துவிட்டு வந்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

பாவாடை பச்சைதானா, வேறு நிறமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஊரும் திருவெள்ளறையா, அதற்குப் பக்கத்து ஊரா, தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பிள்ளையோடு பந்தலை நெருங்கும்போது, அவளைக் கண்டதும் செல்லம்மாள் மைக்கில் என்னமோ சொன்னாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் ஜனங்கள் போட்ட கூச்சலில் என் காதில் விழவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும்கூடக் காதில் விழவில்லையாம். ஆனால் மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்தக் கூச்சல் எட்டாத ஆலமரத்தடியில் இருந்தவர்களுக்கு அது நிச்சயம் கேட்டிருக்கும். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்து, அவள் என்ன சொன்னாள் என்பதையும் எனக்குத் தெரிவியுங்கள். எழுதக்கூட வேண்டாம், போனில் பேசி அனுப்பினாலே போதும்; காதோடு வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.