பாதையில் முளைத்த சீமைச் சாமந்தி

எனக்குக் கைராசி இல்லை என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிப் பல வருஷம் ஆயிற்று. வத்தலக்குண்டிலிருந்து மலைமேல் அட்டுவம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வருஷம், புதுப்பெண் என்று கேரட் பாத்தியில் முதல் பிடி விதையை என்னைப் போட வைத்தார்கள். அந்த முறை உறைபனி விழுந்து பாத்தி மொத்தமும் கருகியது. பனியை யாரும் குறை சொல்லவில்லை. என் கையைச் சொன்னார்கள். அதன் பிறகு விதைப்பு நாளில் எனக்கு அடுப்படிதான். தோட்டப் பொறுப்பெல்லாம் என் ஓரகத்தியிடம், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியிடம். அவர் குச்சியை நட்டாலும் துளிர்க்கும். அதை அவரே சொல்லுவார்.

நான் ரோஷக்காரி. போன மாசியில் கொடைக்கானல் கடைவீதியில் விதைக்கடை பாயிடம் சீமைச் சாமந்தி விதை ஒரு பொட்டலம் வாங்கினேன். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் குமிழுமாகச் சின்னப் பூ. காயவைத்து டீ போடுவார்களாம். சீமையில் அது வயல் ஓரத்துக் காட்டுச் செடி, யாரும் விதைக்காமலே கிடக்கும் என்றார். தானாகக் கிடப்பதைக்கூட என் கை கெடுக்குமா, பார்த்துவிடலாம் என்று ஓரகத்தியிடம் ஒரு பாத்தி கேட்டேன். முளைக்காவிட்டால் இனித் தோட்டத்துப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

விதை ரவையைவிடப் பொடிசு. இந்த மலையில் கேரட்டுக்குச் செய்வதையே செய்தேன். மணலோடு கலந்து தூவி, சலித்த எருவால் கனமாக மூடி, பூவாளியால் தண்ணீர் விட்டேன். பொட்டலத்தின் அடியில் மிஞ்சியிருந்த தூசியை உமி என்று நினைத்துப் பாதையில் உதறிவிட்டேன்.

இருபது நாள் கழித்தும் பாத்தி மொட்டையாகவே கிடந்தது. யாரும் எழும் முன்னே போய் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்ப்பேன். ஓரகத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பங்குனிக் கடைசியில் இருவரும் கேரட்டுக்குக் களை எடுக்கப் போனோம். எருக்கூடையோடு அவரும் ஆட்களும் தினமும் மிதித்து இறுகிய பாதையில், மெல்லிய தழையாக ஏதோ அடர்ந்திருந்தது. இலை அச்சு அசல் கேரட் இலை. சிந்திய விதை முளைத்திருக்கிறது, நடக்க இடைஞ்சல் என்று ஓரகத்தி ஒரு கொத்தைப் பிடுங்கினார். அடுத்த கொத்துக்குப் போன கை நின்றுவிட்டது. எங்களைச் சுற்றி ஆப்பிள் வாசனை. அக்கம்பக்கத்தில் ஆப்பிள் மரமே கிடையாது. கசங்கிய தழையை என் மூக்கருகே நீட்டினார். சீமைச் சாமந்தியைக் கசக்கினால் இந்த வாசனைதான் வரும் என்று பாய் சொல்லியிருந்தார்.

"இது கேரட்டு இல்ல புள்ள," என்றார்.

பாத்தியில் வராதது பாதையில் எப்படி வந்தது என்று பாயிடம் போய்க் கேட்டேன். அந்த விதை வெளிச்சம் பட்டால்தான் கண் திறக்கும், மண்மேல் போட்டு அழுத்திவிட்டால் போதும், மூடவே கூடாது என்றார். இதை வாங்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சித்திரை முடிவதற்குள் பாதை முழுக்கப் பூ. நாங்கள் சுற்றிப்போகப் பழகினோம். நான் லேசில் எதற்கும் மலைக்கிறவள் இல்லை. ஆனால் நிஜமான அதிசயம் ஆவணி மழைக்குப் பிறகுதான் வந்தது. காய்ந்த பூக்களிலிருந்து உதிர்ந்த விதைகள் முளைத்து, பாதையைத் தாண்டி, என் மொட்டைப் பாத்தியை நிறைத்து, சரிவுத் தட்டுகளைத் தாங்கும் கல்கட்டு இடுக்கில் ஏறி, கீழ்த்தட்டு வரைக்கும் இறங்கியிருந்தன. ஐப்பசியில் ஒருநாள் காலை மூடுபனி விலகியபோது அத்தனையும் பூத்து நின்றன. ஒரு பிடி விதைகூட யாரும் போடவில்லை.

பக்கத்தில் ஓரகத்தியும் வந்து நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இத்தன வருசமா கை, கைன்னு உன்னையத் தள்ளியே வச்சுட்டேன். இது யார் கையையும் கேக்கலயே."

நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, இடுப்பிலிருந்த கூடையை என்னிடம் நீட்டினார்.

"பறிக்கத்தான் கை வேணும். வெரசா வா, வெயில் ஏறிரும்."