கீழ் டிராயரில் கிடந்த கடிதம்

ஒரகடம் பக்கம் ஒரு அரசு பஸ் டெப்போவில் பத்தொன்பது வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாருடைய சம்பளமும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கடன், சேமநல நிதி, சங்கச் சந்தா என்று பிடிக்க வேண்டியதைப் பிடிப்பதும் நான்தான். திட்டு வாங்குவதற்கென்றே போட்ட நாற்காலி அது. பழகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்பேன். பழகவெல்லாம் இல்லை, அலுத்துவிட்டது.

சந்தா விஷயத்தில் எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் அன்று நீட்டுகிற தாள்களோடு சேர்த்துச் சங்கத்தின் தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம், விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் யாராவது அப்படி எழுதிக் கொடுத்தால் நான் வாங்கிக் கீழ் டிராயரில் வைப்பேன். மேலே அனுப்ப மாட்டேன். சங்கச் செயலாளரிடம் காதோடு காதாகச் சொல்வேன். அவர் ஆளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார். இரண்டு நாளில் ஆள் திரும்பி வந்து கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்வார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் டிராயர் சாவியோடு இதையும் சேர்த்துத்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

எனக்கும் இதில் உறுத்தல் இருந்ததில்லை. என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது என்னைக் கண்காணாத ஊருக்கு மாற்றல் செய்தார்கள். அந்த உத்தரவை ரத்து செய்ய வைத்தது சங்கம்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்திருக்கிறார்கள், என்ன செய்ய.

போன வருடம் பென்னலூர்க்காரர் ஒரு டிரைவர் அப்படி ஒரு கடிதத்தோடு வந்தார். அவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகி, நெடுநேரம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டெப்போவுக்குள்ளேயே வண்டிகளை நகர்த்தி நிறுத்துகிற லைட் டூட்டி ஒன்று காலியாக இருந்தது. சங்கம் பேசி வாங்கிக் கொடுக்கும் என்று நம்பியிருந்தார். அது செயலாளரின் மச்சானுக்குப் போனது. மச்சானுக்கு முதுகில் எந்த நோவும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் செயலாளர் இருந்தார், அவ்வளவுதான்.

வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஊதிய உயர்வுக்குச் சங்கம் போராடுகிறது, சந்தா கட்டாதவன் சம்பளத்திலும் அந்த உயர்வு ஏறுகிறது, ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒருத்தன் மட்டும் கைகட்டி நிற்கலாமா என்று செயலாளர் கேட்டாராம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டிரைவர் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அவர் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லி வரவில்லை. அதை மேலே அனுப்ப எனக்கும் கை வரவில்லை. மாதா மாதம் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

"இன்னா மேடம், இந்த மாசமும் புடிச்சிருக்கீங்க?"

அடுத்த மாதம் நின்றுவிடும் என்பேன். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன்.

நான்காம் மாதம் தண்டலம் தாண்டி, கம்பெனி வேன் ஒன்றை முந்திக்கொண்டு எதிரே வந்த பைக் அவர் பஸ்ஸில் மோதியது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிந்தது. டிரைவரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் கூட நின்று பேச ஆள் வேண்டும், சங்கமோ உறுப்பினருக்கு மட்டும்தான் ஆள் அனுப்பும். இரண்டு பெண்களைக் காலேஜில் படிக்க வைக்கிற மனிதர் அவர். இந்த வேலை போனால், அந்த முதுகை வைத்துக்கொண்டு வல்லம் வடகாலில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்?

செயலாளர் என் மேசைக்கு வந்தார். "அவன்தான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானேம்மா. நாம எதுக்குப் போய் நிக்கணும்?"

நான் சம்பளப் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "சந்தா இன்னும் போய்க்கினுதான் இருக்கு தலைவரே."

கடிதம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன? விசாரணைக்குப் போனார். குறை சொல்லக் கூடாது, நிற்பதென்று முடிவெடுத்துவிட்டால் அந்த மனிதர் நன்றாகவே நிற்பார். வேன் ஓட்டியவரையே தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார். ஒன்றரை மாதத்தில் சஸ்பென்ஷன் ரத்தானது.

வேலைக்குத் திரும்பிய வாரம் டிரைவர் என்னைப் பார்க்க வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையோடுதான் டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கி, முதன்முதலாகப் படிப்பவர்போல நிதானமாகப் படித்தார்.

"இது போயிருந்தா நான் இன்னிக்கு ரோட்டுல நின்னிருப்பேன். அது தெரியுது மேடம். ஆனா மூணு மாசம் வந்து வந்து கேட்டேனே, என்னை ஒரு ஆளாவே மதிக்கல இல்ல நீங்க?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லது செய்தவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் அடுத்த மாதம் நின்றுவிடும் என்று மூன்று முறை அவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து வைத்தார். அந்த வருடத்தின் மீதிச் சந்தாவைச் செயலாளரிடம் கையில் கட்டியிருந்தார். பக்கத்தில் புதிதாக எழுதிய இன்னொரு கடிதத்தையும் வைத்தார். சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தச் சொல்லும் அதே கடிதம், இரண்டு பிரதி.

"எனக்காக வந்து நின்னாங்க, கட்டறேன். ஆனா என் கையால கட்டறேன். வேணாம்னு தோணுச்சுன்னா நிறுத்தறதும் என் கையில இருக்கட்டும். வாங்கிக்கிட்டதா ஒண்ணுல சீல் போட்டு எனக்குக் குடுங்க."

சீல் போட்டுக் கொடுத்தேன். மேலே அனுப்ப உட்கார்ந்தால், எந்தக் கோப்பில் சேர்ப்பது என்றே தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். இப்படி ஒரு கடிதம் எந்த டெப்போவிலிருந்தும் வந்து தான் பார்த்ததில்லை என்றார் அங்கிருந்த அம்மா. எல்லா டெப்போவிலும் மேசை இருக்கிறது, எல்லா மேசைக்கும் கீழ் டிராயர் இருக்கிறது.

சாயங்காலம் டிராயரை ஒழித்துவைக்கலாம் என்று குனிந்தேன். அடியில், பழைய காலண்டர் தாளுக்குக் கீழே, இன்னும் ஒரு கடிதம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், சங்க நிர்வாகி ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஒரு பெண் கண்டக்டர் புகார் கொடுத்தபோது, சங்கம் நிர்வாகியின் பக்கம் நின்றது. என் சந்தாவும் அதற்குத்தானே போகிறது என்று வயிறு எரிந்து, சந்தாவை நிறுத்தச் சொல்லி அன்று மத்தியானம் நான் எழுதிய கடிதம் அது. வாங்க வேண்டிய இடத்திலும் நானே இருந்ததால் நானே வாங்கி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே டிராயரில் வைத்திருந்தேன்.

சீல் மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். பிறகு காலண்டர் தாளை மறுபடி மேலே விரித்து, டிராயரைப் பூட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன்.