நகக்கண் அளவு

காலை ஆறு நாற்பது. தொழிற்சாலை வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வலது கை. மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. நனையாமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை. கம்பெனி கார் அந்தக் கைக்குரியவரை ஓசூரில் அவர் தங்கியிருந்த அறையிலிருந்து ஏற்றிவந்து இறக்கியது. சாமல்பட்டிக்காரர், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர், ஒப்பந்தத் தொழிலாளி. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். முந்தைய நாள் மதியம் ஆள்காட்டி விரலின் முதல் கணு போய்விட்டது.

அவரை அழைத்து வந்தது வேலை செய்ய அல்ல, உட்கார. அடிபட்டவர் மறுநாள் ஷிப்டுக்கு வந்துவிட்டால் அது 'மைனர்'. வராவிட்டால்தான் விபத்து. விபத்தென்றால் விசாரணை உண்டு, பிரஸ் நிற்கும், வாசல் பலகையில் விபத்தில்லாத நாட்களின் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். அன்று பலகையில் தொண்ணூற்றொன்பது. நூறானால் ஆளுக்கொரு பெட்டி மைசூர்பாகு.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"விபத்துன்னு எழுதுங்க சார். சென்சார் இல்லன்னு ரெண்டு வாட்டி சொன்னேன்."

மனிதவள அதிகாரி சிரித்தார். சிரிப்பதற்குப் பயிற்சி பெற்றவர். "எழுதலாம்ணா. மொதல்ல பஞ்ச் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல படுங்க. ஏசி இருக்கு."

நான் பத்திரிகை டெஸ்க்கில் பல வருடம் இருந்துவிட்டு, அந்தத் தொழிற்சாலையில் தமிழ் அறிவிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். படிவத்தில் 'மைனர்' என்பதற்குச் 'சிறு காயம்' என்று போட்டவன் நான்தான். கச்சிதமான சொல் என்று அப்போது பெருமைகூடப் பட்டேன்.

டெஸ்க்கிலிருந்து நான் எடுத்து வந்த பழைய ஆங்கில அகராதியில் 'மினிஷ்' என்று வழக்கொழிந்த சொல் ஒன்று உண்டு. சிறிதாக்கு, குறை என்று பொருள். 'மைனர்' அதற்கு உறவு. கடிகாரத்தின் நிமிடமும் ஓட்டலின் மெனுவும் உறவு. அமைச்சரைக் குறிக்கும் 'மினிஸ்டர்'கூட அதே கூட்டம்தான். முதலில் அதற்குச் சிறியவன், ஏவலாள் என்றுதான் பொருளாம். மிக நெருங்கிய உடன்பிறப்பு 'மின்ஸ்'. இறைச்சியைக் கொத்துவது. மொழி அந்த உறவை மறைக்கவில்லை. படிவம் மறைத்தது.

விரல் வைத்து வருகை பதியும் பஞ்ச் மெஷின் முன்னால் லைன் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மைசூர்பாகு.

"ஏம்பா, நகக்கண்ணு அளவு போச்சுன்னு எல்லார் வாயிலயும் மண்ணப் போடுவியா?" என்றார் பக்கத்து மெஷின்காரர்.

"சொல்ப அஷ்டே," என்றார் அத்திப்பள்ளியிலிருந்து வரும் சூப்பர்வைசர். கொஞ்சம்தானே என்கிறார். "எங்க மாமாக்கு ரெண்டு வெரலு போச்சு. இன்னும் டிராக்டர் ஓட்றாரு."

"அப்ப உன் வெரல குடுணா, ஒட்டிக்கிறேன்," என்றார் ஆபரேட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. மெஷினில் அவருடைய வருகைக்காகப் பதிந்திருந்தது வலது ஆள்காட்டி விரல். கட்டோடு வைத்தார், மெஷின் ஏற்கவில்லை. இடது விரல் ஒவ்வொன்றாக வைத்தார். சிவப்பு விளக்கு, சிவப்பு விளக்கு. ஏழு மணிக்குள் பதியாவிட்டால் ஆப்சென்ட். ஆப்சென்ட் என்றால் விபத்து.

"பாத்தீங்களா சார்," என்றார். "மெஷினே வெரல் இல்லங்குது."

அந்த வளாகத்தில் அன்று உண்மை பேசியது அந்த மெஷின் மட்டும்தான். அதிகாரி ஓடிப்போய் லேப்டாப்பைத் தூக்கி வந்தார், இடது கட்டைவிரலைப் புதிதாகப் பதிய. ஆபரேட்டர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மாசக் கடைசில காண்ட்ராக்ட் ரெனியூவல் லிஸ்ட் போகும்ணா," என்றார் அதிகாரி, குரல் உயராமல். "உங்க பேர நான்தான் டைப் பண்ணணும்."

ஆறு ஐம்பத்தாறுக்கு இடது கட்டைவிரல் கண்ணாடியில் பட்டது. பச்சை விளக்கு. விரலை மாற்றியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்: "சார், தமிழ்ல?"

சொன்னேன். இரண்டே சொற்கள், எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் காவலாளி ஸ்டூலில் ஏறி, பலகையில் நூறு என்று மாற்றினார். ஏழு ஐந்துக்கு அதே பிரஸ் ஓடத் தொடங்கியது.