சாணக்காவின் ஸ்டாப்

இண்டிகேட்டர் போட்டாயிற்று. கண்ணாடியில் ஒரு பார்வை, நடைபாதை விளிம்பில் ஒரு பார்வை. இருபத்திரண்டாம் நம்பர் பஸ் மெல்ல ஊர்ந்து வந்து, விளிம்பிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி, முன்னும் பின்னும் ஒரே நேராக நிற்கிறது. கை பிரேக்கை இழுத்த பிறகுதான் கதவு திறக்கும். அதற்குள் எழுந்துவிட்ட ஒருவரைப் பார்த்து, "உக்காருங்கய்யா. பஸ் நின்னப்புறம் நீங்க எந்திரிக்கலாம். நீங்க விழுந்தப்புறம் பஸ் நின்னு என்ன ஆகப்போகுது?" என்கிறார் டிரைவர். இறங்குகிறவர்கள் ரோட்டில் கால் படாமல் நேரே நடைபாதைக்குப் போகிறார்கள்.

இந்த ஒரு சாணால்தான் அவருக்குச் சாணக்கா என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "சாணி இல்லப்பா, சாண்!" என்று கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டுவார். கோபம் வராது. பட்டம் என்ன எல்லாருக்குமா கிடைக்கிறது?

வயது நாற்பத்தாறு. ஆள் குள்ளம், சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தால்தான் கண்ணாடி கண்ணுக்கு நேராக வரும். பதினான்கு வருடமாக ஓட்டுகிறார். "ஓட்டறது எவன் வேணும்னாலும் ஓட்டுவான். நிறுத்தறதுலதான் இருக்கு டிரைவரோட லட்சணம்" என்று சொல்லும்போது முகத்தில் கர்வம் தெரியும். அவர் அதை மறைப்பதுமில்லை. மற்ற பஸ்கள் நடு ரோட்டில் நின்று ஆட்களை உதிர்த்துவிட்டுப் போவதைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நடுவுல பைக் போற அளவுக்கு இடம் விட்டா, பைக் வராம என்ன செய்யும்?" என்பார். நியாயம்தானே.

வீட்டுக்காரர் தையல்காரர். "நான் இஞ்சு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியறேன். அவ கண்ணுலயே வெச்சிருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். அவர் அளப்பவற்றில் பொய் கலக்காதது இது ஒன்றுதான்.

ஆனால் சாண் பார்த்தால் நிமிஷம் போகிறதே. யாராவது ஸ்டாப்பை மறித்து வண்டியை விட்டிருந்தால், அது நகரும் வரை சாணக்கா காத்திருப்பார். தாமதத்துக்காக இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் ரூட்டைப் பிடுங்கிக்கொண்டு, டெப்போவுக்குள்ளேயே கழுவுகிற இடத்துக்கு வண்டி நகர்த்துகிற வேலையில் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "ஓரங்கட்டியே பேர் வாங்கினவளை ஓரங்கட்டப் பாக்கறாங்க" என்று சிரித்தார் சாணக்கா. சிரித்தாரே தவிர, அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் மேனேஜரே கடிகாரமும் கையுமாக முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அங்கே, பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கார் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் மருந்துக்கடைக்குள் இருந்தார். காருக்குப் பின்னால் நடைபாதை நெடுக இரும்புக் கம்பி. அங்கே நிறுத்தினால் ஏற வழியில்லை. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாணக்கா காருக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டார். கதவைத் திறக்கவில்லை.

கண்டக்டர் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "அக்கா, காருக்குப் பக்கத்துல நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போயிடலாம்க்கா. எல்லாரும் அப்படித்தானே போறாங்க? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

"முழுகறது நான்தானே? அதுக்கு அந்த மனுஷன் ஏன் கட்டையை ஊனிக்கிட்டு நடு ரோட்டுக்கு வரணும்? நீ போய் அந்தக் கார்க்காரரைக் கூப்பிடு."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கார்க்காரர் மாத்திரைப் பொட்டலத்தோடு ஓடி வந்து, "ரெண்டே நிமிஷம்தாம்மா நிறுத்தினேன்" என்றார்.

"நாலுங்க" என்றார் சாணக்கா.

கார் போனதும் பஸ் தன் இடத்துக்கு வந்து நின்றது. மாவுக்கட்டுக்காரர் முதலில் கட்டைகளை உள்ளே வைத்தார், பிறகு தானும் ஏறினார். யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி ஸ்டாப்பில் மேனேஜர் டிரிப் ஷீட்டை விரித்தார். நாலு நிமிஷம் தாமதம். கண்டக்டர் முந்திக்கொண்டு, "டிராஃபிக்னு போட்டுடுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்றார். மேனேஜர் மறுக்கவில்லை, பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும்.

"டிராஃபிக் இல்ல சார். அப்படி எழுதினா, நான் செஞ்சது ஏதோ தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னன்னுதாம்மா எழுதறது?"

சாணக்கா கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். 'காரணம்' என்ற கட்டத்தில், 'ஸ்டாப்பில் நிறுத்தினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் அடியில், பேனா முனை தாளுக்குள் இறங்குகிற அழுத்தத்தில் ஒரு கோடு இழுத்தார்.