அடியில்லாத வாளி

சாலோமி டீச்சருக்கு இருபத்தாறு பள்ளிக்கூடம் உண்டு. வகுப்பு ஒன்றுகூடக் கிடையாது. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் என்பது வேலையின் பெயர். புரியும்படி சொன்னால், வாத்தியார்களுக்கு வாத்தியார். பிள்ளைகளை மேய்ப்பதே பெரும்பாடு. பிள்ளைகளை மேய்க்கிறவர்களை மேய்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பயிற்சி நாளில் கடைசி பெஞ்சுதான் முதலில் நிரம்பும். வருஷம் பூரா "கவனி, கவனி" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் மேசைக்கு அடியில் செல்போனைக் கவனிப்பார்கள். பதினொரு மணிக்கு வடையும் டீயும் வரும்போது மட்டும் எல்லா முகத்திலும் ஞானம் பிறக்கும். அப்புறம் கையெழுத்து, அப்புறம் பஸ்.

மூன்று வருஷமாக டீச்சர் ஸ்கூட்டியில் சுமந்து திரிவது உலகத்து விஷயம். பனிமலை உருகுவது, கடல் ஏறுவது, ஒரு சட்டைக்குப் பின்னால் எத்தனை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பது. இதையெல்லாம் தனிப் பாடமாக வைக்காமல், இருக்கிற அறிவியலுக்குள்ளும் கணக்குக்குள்ளும் எப்படி நுழைப்பது என்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டும். காட்டினார். அவர்களும் செய்துவிட்டதாகப் போட்டோ அனுப்பினார்கள். போன வருஷம் 'பூமி நம் வீடு' என்று ஒரு சார்ட், ஆழ்வார்குறிச்சியில் ஏறி சேரன்மகாதேவிவரை பஸ்ஸிலேயே பயணம் போயிருக்கிறது. ஐந்து பள்ளிப் போட்டோவிலும் அதே சார்ட், அதே மூலையில் அதே டீக்கறை.

டீச்சர் கண்டுபிடித்தார். சத்தம் போடவில்லை. பாளையங்கோட்டை வீட்டுக்குப் போய்க் கணவர் ஜெபசீலனிடம், "நான் கெளம்புன பெறகும் நடக்குத பாடம் ஒண்ணே ஒண்ணு, எங்கயாவது ஒரு பள்ளிக்கூடத்துல இருந்தாப் போதும்" என்றார்.

"உலகம் இருக்கட்டும், மொட்டை மாடி டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டாரை அமத்து" என்றார் அவர்.

அந்த ஒரே ஒரு பாடத்தைத் தேடித்தான் ஆடி மாசம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கிற ஒரு பள்ளிக்கு வந்தார். அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் திருஞானசம்பந்தம் சார். சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும்.

"டீச்சர், எனக்குப் போர்ஷன் முடிக்கணும். உலகத்தைக் காப்பாத்துததை ஜனவரிக்கு மேல வச்சிக்கிடலாம்."

"ஒரு பீரியட் மட்டும் சார்."

சார் ஒரு பீரியட் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏணி கொடுப்பதுபோல.

டீச்சர் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். சட்டை, காப்பி, தக்காளி, காகிதம் என்று படம். பின்பக்கம், அதை உண்டாக்கச் செலவாகும் தண்ணீர். குறைவிலிருந்து கூடுதல்வரை வரிசையாக நில்லுங்கள் என்றார். வகுப்பு ஒரே தள்ளுமுள்ளு, ஒரே சிரிப்பு. சினேகா என்ற பிள்ளை கையில் அரிசி. ஒரு கிலோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் என்று போட்டிருந்தது. தக்காளியெல்லாம் எங்கேயோ முன்னால் நிற்க, அவள் பின்னால், பின்னால் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"அரிசி தண்ணி முழுங்கிலா!" என்று சதாம் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

சினேகா சிரிக்கவில்லை. "டீச்சர், எங்க அம்மா நெல்லுதான் போட்டிருக்கு. அப்ப எங்க அம்மா செய்யுதது தப்பா?"

டீச்சரிடம் எழுபது பக்கக் கையேடு இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. "தெரியல பிள்ள" என்றார்.

மணி அடித்ததும் சார் வராந்தாவில் நிறுத்தினார். "தெரியலன்னு சொல்லுததுக்கா பாளையங்கோட்டையில இருந்து பெட்ரோல் போட்டு வந்தீங்க? இந்த ஊர்ல பாதிப் பிள்ளைகளுக்கு நெல்லுதான் சோறு. அந்தப் பிள்ள தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போகுது. அதுக்கு ஒரு பதிலோட வாங்க. இல்லன்னா இந்த அட்டைக்கட்டை என் வகுப்புப் பக்கம் கொண்டாராதீங்க."

கேலியாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். சார் நிஜமாகவே சொன்னார்.

அந்த வாரம் சாலோமி டீச்சர் யார் யாரையோ கேட்டார். விவசாய அலுவலகத்தில் ஒருவர், சொட்டுநீர் போடுங்கள் என்றார். கேட்டது அதுவல்ல. டீச்சருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வயலுக்குள் போகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? தேடித் தேடி, பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற எளிய வித்தை ஒன்று அகப்பட்டது. அடுத்த திங்கள் இரண்டு காலிப் பெயிண்ட் வாளிகளோடு பள்ளிக்குப் போய் இறங்கினார்.

"வெள்ளை அடிக்கவா டீச்சர்?" என்றார் சார்.

"ஒரு வாளிக்கு அடியை அறுக்கணும் சார். ரெண்டையும் வயலுக்குள்ள பாதி ஆழத்துக்கு அமுக்கணும். ரெண்டுலயும் சேறு, நாத்து, பத்து சென்டிமீட்டர் தண்ணி. அடி இருக்குத வாளியில தண்ணி மேல மட்டும்தான் போக முடியும், வெயிலுக்கும் காத்துக்கும் பயிருக்கும். அடி இல்லாததுல மேலயும் போகும், கீழயும் இறங்கும். தினம் ஸ்கேல் வச்சு அளந்தா..."

"வித்தியாசம் மண்ணுக்குள்ள போன தண்ணி" என்று சார் முடித்தார். முடித்த பிறகுதான், தான் பேசியதே அவருக்கு உறைத்தது. டீச்சர் ஆக்சா பிளேடைக் கோணலாகப் பிடித்து அறுப்பதை இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். "கொண்டாங்க இங்கன. பைய அறுக்கணும். இது என்ன கேக்கா?"

வயல் சினேகா வீட்டு வயல். அவள் அம்மா சுடலைவடிவு வரப்பில் நின்று, "நாத்தை மிதிச்சிராதீங்க, அம்புட்டுதான்" என்றார். அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். விதைப்பதும் அறுப்பதும் அம்மா பாடு.

தினமும் காலை மணி அடிப்பதற்கு முன் இரண்டு பிள்ளைகள் அளந்து வந்து கரும்பலகையில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் அடியுள்ள வாளியில் ஆறு மில்லிமீட்டர் குறைந்தது. அடியில்லாததில் பத்து. "பாத்தியளா!" என்று சார் தன் சொந்த வாளிபோலப் பெருமைப்பட்டார்.

இரண்டாம் நாள் இரண்டும் ஒரே மட்டம்.

மூன்றாம் நாள் அடியில்லாத வாளியில் தண்ணீர் கூடுதலாக இருந்தது.

மழை இல்லை. ஆடிக்காற்று ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அடியுள்ள வாளி ஒழுங்காகக் குறைகிறது, ஓட்டை வாளி நிரம்புகிறது! வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அடியில் ஊற்று இருக்கிறது என்றது ஒரு கட்சி. ஆற்றுத் தண்ணீர் மண்ணுக்குள்ளே வந்து மேலே தள்ளுகிறது என்றது இன்னொன்று. நண்டு வேலை என்றான் ஒருவன்; நண்டு எப்படித் தண்ணீர் சுமக்கும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சார் கரும்பலகையில் அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டு, அழுத்தம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அத்தனையும் தப்பு. ஆனால் அந்த வருஷத்திலேயே ஒருத்தரும் கொட்டாவி விடாத பீரியட் அதுதான். போர்ஷன் எங்கேயோ ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

மாசத்துக்கு ஒரு தரம் வருகிற டீச்சர் அந்த வாரம் மூன்று தரம் வந்தார். நான்காம் நாளும் அப்படியே இருக்க, சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பள்ளியில் சந்தேகம் வந்தால் அது நேராகப் போய் நிற்கிற இடம் சதாம்தான். சுண்ணாம்புக் கட்டி காணோமா, சதாம். சைக்கிளில் காற்று இறங்கிவிட்டதா, சதாம். பத்தில் ஏழு அவன் செய்ததுதான். மீதி மூன்றுக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்வான்.

"ஏலே, நீதான தண்ணி ஊத்துத?"

"சத்தியமா இல்ல சார்."

"பின்ன யாரு? ரெண்டு நாளு நீ வகுப்புக்கு வெளிய நில்லு."

"சார், நான் செஞ்சிருந்தா உள்ள ரெண்டு கெண்டைக்குஞ்சு விட்டிருப்பேன் சார். வெறுந் தண்ணிய ஊத்திட்டுப் போக எனக்கு என்ன சார் கிறுக்கா?"

சார் நம்பவில்லை. சாலோமி டீச்சர் நம்பினார். ஒரு வேலைக்காரன் தன் வேலையைப் பற்றிச் சொல்வதில் ஓர் உண்மை இருக்கும். வெளியே வெயிலில் நின்ற பையன் பொய்க்குச் சிரித்துக்கொண்டிருந்தான். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும், கண்ணுக்குள் கலங்கல்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் டீச்சர் வயலுக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டியைச் சாலையில் விட்டு வரப்பேறினால், வாளிப் பக்கம் ஓர் ஆள் குனிந்து நிற்கிறது. கையில் சொம்பு. பக்கத்து வாளியை எட்டிப் பார்த்து, மட்டம் பார்த்து, அடியில்லாத வாளியில் பதமாக ஊற்றுகிறது.

சுடலைவடிவு.

டீச்சரைக் கண்டதும் சொம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், வகுப்பில் மாங்காய் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளைபோல.

"என்னக்கா இது?"

"ரெண்டுல ஒண்ணு மட்டும் குறையுது டீச்சர். பாக்கச் சகிக்கல." சொம்பை முன்னால் கொண்டுவந்தார். "நம்ம வயலு ஊரு தண்ணியெல்லாம் குடிக்குதாம்மான்னு அன்னைக்கி பிள்ள அழுதா. பாதிச் சோத்தோட எந்திரிச்சிட்டா. நீங்க வாளி வச்சு அதத்தான சோதிக்கிய? என் வயலு பெயிலாயிரக் கூடாதுன்னுதான்..."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மேலிடம் அளக்க வருகிறது என்றால் நிரப்பி வைக்கிற வழக்கம் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்.

"அக்கா, இந்த வாளி குறைஞ்சாத்தான் நல்லது. குறையுதது மண்ணுக்குள்ள போகுது. அது எங்க போகும்னு கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்."

சுடலைவடிவு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுக்கா? கீழ வயல்ல கசியும். எங்க வாய்க்கா அடைச்ச அன்னைக்கும் கீழ வயக்காரனுக்கு ஈரம் இருக்குமே. அவன் கெணறும் ஊறும். இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது. எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எவ்வளவுன்னா?" சுடலைவடிவு வாளியைத் திரும்பிப் பார்த்தார். "அது... தெரியாதுதான்."

"உங்களாலதான் தண்ணி கூடுச்சுன்னு வகுப்புல சொல்லட்டுமா?"

"ஐயோ, பிள்ள முன்னால மானம் போயிரும் டீச்சர்."

"பழி ஒரு பையன் மேல கெடக்கு. நேத்து பூரா வெளிய நின்னான்."

சுடலைவடிவு சொம்பைக் கவிழ்த்தார். சேலையை உதறிக்கொண்டார். "நடங்க. நானே சொல்லுதேன்."

மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய் நின்றார். "சாரே, அந்தப் பயல உள்ள கூப்பிடுங்க. ஊத்துனது நான்."

வகுப்பு வாயைப் பிளந்தது. சினேகா முகம் சிவந்து மேசையைப் பார்த்தாள். திருஞானசம்பந்தம் சார் பேனாவைத் தொட்டார், கண்ணாடியைத் தொட்டார், கடைசியில் வாசலுக்குப் போய், "ஏலே சதாம், உள்ள வா" என்றார். மன்னிப்பென்று ஒரு சொல் வரவில்லை. ஆனால் ஸ்கேலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "மொதல்ல இருந்து அளக்கணும். இனி இது உன் பொறுப்பு. ஒரு மில்லி பிசகுனா தோலை உரிச்சிருவேன்."

"மீன் விடலாமா சார்?"

"போலே!"

ஏழு நாள் அளந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அளவுக்குச் சாரே சைக்கிள் மிதித்து வந்தார். சுடலைவடிவு தண்ணீர் ஊற்றாமல் இருக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. வரப்புக்கு வருவார், கையைப் பிசைவார், திரும்பிப் போவார். ஏழாம் நாள் கணக்கு கரும்பலகைக்கு வந்தது. அடியுள்ள வாளியில் நாலு சென்டிமீட்டர் குறைவு. அடியில்லாததில் ஏழு.

சாலோமி டீச்சர் சினேகாவைப் பார்த்துச் சொன்னார்: "ஏழுல நாலு மேல போயிட்டு. அது நிஜமாவே செலவுதான், ஒளிக்க முடியாது. மூணு கீழ இறங்கியிருக்கு. அந்த மூணு இன்னொருத்தருக்குப் போய்ச் சேந்தா அது வீண் இல்ல. உங்க அம்மா செய்யுதது தப்பான்னு கேட்டேல்லா? அந்த மூணு எங்க போகுதுன்னு பாத்தாத்தான் ஒழுங்காச் சொல்ல முடியும்."

"இந்த அட்டைக்காரங்க அந்த மூணையும் சேத்தா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள் சினேகா. தலை நிமிர்ந்திருந்தது.

"தெரியல பிள்ள."

இந்தத் தடவை சார் சண்டைக்கு வரவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து டீச்சர் மறுபடி வந்தபோது, முந்தின ராத்திரியே உட்கார்ந்து தயார்செய்த புதுப் பாடம் பையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பார்த்தால் ஒரு ஆள் இல்லை. பைகள் மட்டும் பெஞ்சில் வரிசையாக. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த இன்பமணி அக்கா துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தார்.

"வயலுக்குல்லா போயிருக்காவ. கீழ வயக்காரன் கெணத்துல கயிறு விட்டு அளக்கணும்னு. நேத்தும் போனாவ, முந்தாநாளும் போனாவ. உங்களுக்குச் சார் சொல்லலையா?"

"இல்லையே."

"அட, இந்த மனுசன் ஒரு போன் போட்டிருக்கப்பிடாது?"

சாலோமி டீச்சர் காலி வகுப்பை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். முகத்தைப் பார்த்த இன்பமணி அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏமாந்து போனவர்கள் இப்படிச் சிரிப்பதை அவர் பார்த்ததில்லை.

"உக்காருங்க டீச்சர், டீ வாங்கியாரேன். இப்ப வந்திருவாவ."

"வேண்டாம்க்கா. அந்தக் கெணறு எந்தப் பக்கம்?"

"வாய்க்காலைத் தாண்டிச் சோத்தாங்கைப் பக்கம்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். கால் சேற்றில் புதைந்தது. காற்று எதிர்த்து அடித்தது. தூரத்தில் ஒரு கிணற்றைச் சுற்றி நாற்பது தலை தெரிந்தது. நடுவே சார் குரல் மட்டும் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"ஏலே, கயிறை ஆட்டாத... எவ்வளவு? என்னது, கூடியிருக்கா? மறுபடி அளல!"

டீச்சர் நடையை எட்டிப் போட்டார். எவ்வளவு கூடியிருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.