பானைக்கு அடியில் ஒரு பாட்டில்

ரோசம்மாள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு பாட்டில் திராட்சை ஒயின் புதைந்து கிடப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இருந்தும் எந்தக் குடிகாரனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நாற்பது நாள் விரதமான தவக்காலத்தில் சாராயக்கடைக்குப் போகிறவனை நடுத்தெருவில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்கிறவள் அவள். இண்டூர் சாலையில் மாதா கோயிலை ஒட்டி இருந்த எங்கள் பத்துப் பதினைந்து வீடுகளில் பங்குச்சாமியாரைவிட அவளுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

ஒயின் போடுவதை இளம் வயதில் பெங்களூரில் ஒரு கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையில் ஜாடி நிறையப் போட்டு, எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாள். எண்பத்திரண்டாம் வருஷம் போட்டதில் மட்டும் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். ஒரே மகள் சகாயமேரி பண்டிகை முடிந்ததும் கன்னியாஸ்திரீ ஆவதற்குப் பீகார் பக்கம் போகிறாள். ஐந்து வருஷம் கழித்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். அவள் வந்ததும் இருவரும் சேர்ந்து அதைக் குடிக்க வேண்டும். கணவனும் இல்லாத அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஒயினுக்குச் சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, ஆட்டவும் கூடாது. நம் ஊர் வெயிலில் அதற்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்து, சமையல்கட்டின் இருட்டு மூலையில் பானை உட்கார்ந்திருந்த மணலைத் தோண்டினாள். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலுக்குத் தக்கையை இறுக்கி, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி வாயை அடைத்தாள். தக்கை காய்ந்தால் காற்று உள்ளே போய்விடும் என்று பாட்டிலைப் படுக்க வைத்து மூடினாள். தினமும் அந்த மணலில் தண்ணீர் தெளித்தாள்.

அடுத்த கோடையில் கிணறெல்லாம் வற்றியது. பக்கத்து வீட்டுச் சாலம்மாளும் அவளும் காட்டைத் தாண்டிப் போய் ஒரு குடம் கொண்டுவருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அந்தக் குடத்திலிருந்தும் ரோசம்மாள் மணலுக்கு ஒரு செம்பு ஊற்றினாள்.

"உனக்கு என்ன பைத்தியமாக்கா? குடிக்கவே தண்ணியக் காணோம், மண்ணுக்கு ஊத்தறியே!" என்று சாலம்மாள் கத்தினாள்.

"என் பங்குதானே ஊத்தறேன். உன் வூட்டுத் தண்ணியவா கேட்டேன்?"

சாலம்மாள் ஒரு மாதம் பேசவில்லை. ரோசம்மாளும் கெஞ்சவில்லை. மத்தியானங்களில் மணல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். குளுகுளுவென்று இருந்தால், எங்கோ மகளும் நன்றாக இருக்கிறாள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. மகள் இல்லாத வீடு அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதை வெளியே சொல்லிவிட்டால் சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது போலாகிவிடும் என்று வாயைத் திறக்கமாட்டாள்.

ஐந்து வருஷம் கழித்துச் சகாயமேரி வந்தாள். வெள்ளை உடுப்பு, கழுத்தில் சிலுவை, ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ரோசம்மாள் கட்டிப்பிடித்து அழுது முடித்த கையோடு பானையை இறக்கி மணலைத் தோண்டினாள். மெழுகு அப்படியே இருந்தது. முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மாதுளை நிறத்தில் தெளிந்து கிடந்தது ஒயின்.

"அம்மா, தவக்காலம்மா."

ரோசம்மாள் கை அப்படியே நின்றது. நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரையே மிரட்டி ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்க வைக்கிறவள், மகள் வருகிற சந்தோஷத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள். மகளுக்கோ இரண்டு வாரம்தான் லீவு. தவக்காலம் முடிந்து வரும் உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பே கிளம்பியாக வேண்டும்.

"ஒரே ஒரு வாய் குடிச்சிரு கண்ணு. பாவம் என்னோட போவட்டும். நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன்."

"சாமிக்கு வார்த்தைப்பாடு குடுத்துட்டு வந்திருக்கேன். வேணாம்மா." சகாயமேரியின் கண் கலங்கியிருந்தது. "திருநாளன்னிக்கு நீ தொறந்து குடி. நானும் குடிச்ச மாதிரிதான்."

பாட்டில் மறுபடி மணலுக்குள் போனது. மகளும் பஸ் ஏறிப் போனாள்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ரோசம்மாள் பாட்டிலைத் தோண்டி எடுத்தாள். டம்ளரையும் கழுவி வைத்தாள். மெழுகைச் சுரண்டக் கத்தியை எடுத்தவள், கீழே வைத்துவிட்டாள். பலகாரத் தட்டு வாங்க வந்த சாலம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறக்கலியாக்கா?"

"தொறந்துட்டா அப்புறம் வெக்க முடியாதுடி. காத்துப் பட்டா புளிச்சிரும்." பாட்டிலைப் படுக்க வைத்து மணலை இழுத்து மூடினாள். "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"அது தாங்கும். நீ தாங்குவியாக்கா?"

ரோசம்மாளுக்குக் கோபம் வரவில்லை. பானையைத் தூக்கி மணல்மேல் உட்கார வைத்தாள்.

"அதான் உன்கிட்ட சொல்லி வெக்கறேன். நான் இல்லாட்டி, அவ வர்ற வரைக்கும் நீ தண்ணி ஊத்து."

சாலம்மாள் உள்ளே வந்து, பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு மணலில் ஊற்றினாள்.