தேன்சிட்டுக் கூட்டில் ஒரு செம்பட்டை முடி

ஜொகூர் பாருவுக்கு வடக்கே பண்டார் தெங்காரா என்கிற சிற்றூரில் சந்திரமதியின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கூடத்தில் கால் வைத்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். சுவர் முழுக்கப் பறவைகள். வெறும் படமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. இவை பலகைமேல் ஒட்டியும் தைத்தும் கம்பியால் கட்டியும் செய்தவை. மைனாவுக்கு மைனாவின் இறகே இறக்கை. கொண்டைக்குருவிக்குத் துருப்பிடித்த கம்பியில் கால். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிப்பதற்காகப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்களே, அந்த ஆந்தைகள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி வந்து செய்த ஓர் ஆந்தை வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும். கேஸ் கொண்டுவரும் ஆள் ஒருமுறை அதைப் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

சந்திரமதி அதைக் கணவர் காளியப்பனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பயப்படுகிறவர்கள் பயந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். பயந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் அதைக் கண்ணால் பார்த்தவள்தான்.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் அவள். அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், செல்லம் என்று ஒருத்தி இருந்தாள். தனிக்கட்டை, யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். ஒரு வீட்டில் கைக்குழந்தை இறந்துபோனது. செல்லம் ஏதோ வைத்துவிட்டாள் என்று யாரோ வாயைத் திறந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவளுடைய சட்டி பானையெல்லாம் மண்ரோட்டில் கிடந்தன. அவற்றை வீசியவர்கள் ரவுடிகள் இல்லை. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற ஜனங்கள்தான். சந்திரமதியின் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்றார். செல்லம் எங்கே போனாள் என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

சந்திரமதி வளர்ந்து கூலாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே ட்வீசரால் எள்ளளவு பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஆலைக்காரர்கள் அந்தப் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. காளியப்பன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார், விடிந்ததும் போய்விடுவார். பிள்ளை இல்லை. அதற்காகப் பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. வேலையும் போன பிறகு சமையலறை ஜன்னலில் நின்று பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். பழகிய விரல்கள் எத்தனை நாள் சும்மா இருக்கும்? விழுந்த இறகு, மாவிலை நரம்பு, தேங்காய் நார், பழைய சேலைத் துண்டு என்று சேர்த்துப் பறவைகளைப் பலகைக்குக் கொண்டுவந்தாள். முதலில் செய்த மைனா கோழி மாதிரி இருக்கிறது என்று காளியப்பன் கேலி செய்தார். அப்புறம் செய்தவற்றை அவரே ஆணி அடித்து மாட்டினார்.

பக்கத்து வீட்டு வாசுகியும் அதே ஆலையில் இருந்தவள்தான். ஒருத்திக்குப் பகல் ஷிப்ட் என்றால் மற்றவள் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். எல்லாம் வாசுகியின் மகள் லோஷினிக்காக. அந்தப் பெண் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு வீட்டிலும் அடி வாங்கி வளர்ந்தாள். சந்திரமதியைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பிறகு ஜொகூர் பாருவில் வேலை, செல்வா என்பவனோடு கல்யாணம், இப்போது வயிற்றில் பிள்ளை. பிறக்கப்போகிற அந்தப் பிள்ளையைச் சந்திரமதி மனசுக்குள் எப்போதோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுவிட்டாள். சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வளைகாப்புக்கு என்ன கொடுப்பது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. பொருள் கையில் இருந்தது.

லோஷினி தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் போட்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் அம்மா வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் கம்பிவேலியோரம் நின்று தலை வாருவாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி வேலியில் செருகிவிட்டுப் போய்விடுவாள். சந்திரமதி வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்த தேன்சிட்டு அந்த முடியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனதைச் சந்திரமதி ஜன்னலில் இருந்து பார்த்தாள். குஞ்சுகள் பறந்து கூடு காலியானதும் கிளையோடு வெட்டி எடுத்தாள். நாருக்கும் சிலந்தி நூலுக்கும் நடுவே செம்பட்டை முடி வளைந்து வளைந்து ஓடியது. உன் முடியில்தான் ஒரு தாய் வீடு கட்டியிருக்கிறாள் என்று லோஷினியிடம் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல ஆசீர்வாதம் உண்டா?

கூட்டை ஒரு மரச் சட்டத்துக்குள் சிவப்பு நூலால் கட்டினாள். பக்கத்தில் ஆண் சிட்டை வைத்தாள். அதன் மஞ்சள் வயிற்றுக்கு, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த வேட்டித் துணி. கருநீலக் கழுத்துக்குக் காக்கை இறகை நறுக்கி ஒட்டினாள். சிவப்பு நூல், மஞ்சள் துணி, காக்கை இறகு, கர்ப்பிணியின் தலைமுடி. செய்வினைக்கு என்னென்ன வேண்டும் என்று தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சந்திரமதியும் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது தேன்சிட்டை. பறவை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மற்றது கண்ணில் படவில்லை.

வளைகாப்பன்று வீடு கொள்ளாத கூட்டம். முடி விஷயத்தை ஆறஅமரச் சொல்லலாம் என்று சட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். பிரசவத்துக்காக அம்மா வீட்டில் தங்கிவிட்ட லோஷினி அதைத் தன் படுக்கைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு அவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. பிரஷர் ஏறிவிட்டது என்று ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். வாசுகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். சந்திரமதி வேலியோரம் நின்று கேட்டால் "இருக்கா" என்பதோடு சரி, முகம் கொடுத்துப் பேசவில்லை. களைப்பு என்று சந்திரமதி நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மாலை வாசுகி வீட்டு வாசலில் அய்யாவுவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அய்யாவு தோட்டத்துக் கோயிலில் குறி சொல்கிறவர். எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்து, "பக்கத்துலேர்ந்து வந்த பொருளு. உள்ளுக்கு முடி இருக்கு" என்றாராம். முடி இல்லாமல் எந்த ஊரில் செய்வினை எடுத்திருக்கிறார்கள்? வேறு வீடாக இருந்தால் மனிதர் தேடிப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். இங்கே கிடைத்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று வாசுகி கூப்பிட்டாள்.

சந்திரமதி ஈரக் கையோடு போனாள். கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் சட்டத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். கூடு பிளந்து கிடந்தது. சிட்டின் கழுத்து தனியாகக் கிடந்தது. செம்பட்டை முடியை மட்டும் பிரித்து ஒரு வெற்றிலைமேல் வைத்திருந்தார்கள்.

"இது யார் முடி?" என்று வாசுகி கேட்டாள்.

"லோஷினி முடிதான் வாசு. ஆனா நான் வைக்கல. குருவிதான் எடுத்துக் கட்டுச்சு."

தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே பொய்யாக விழுந்தது. அய்யாவு சிரிக்கக்கூட இல்லை.

"குருவி கட்டுச்சு," என்றாள் வாசுகி. "சிவப்பு நூலும் குருவி கட்டுச்சா? மஞ்சத் துணியும் குருவி கொண்டாந்துச்சா?"

"அது நான் வச்சது. அழகுக்கு வச்சது. உன் மவளுக்கு நான் செய்வேனா வாசு? தூக்கி வளத்த புள்ள அது."

"அதான் எனக்கும் புரியலக்கா. உங்களுக்கு ஒரு புள்ள இல்லன்னு நாங்க ஒரு நாளாச்சும் குறையாப் பேசியிருக்கோமா?"

எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்று சந்திரமதிக்கே தெரியாது.

"டாக்டர் பாத்துக்குவாங்க. நீ வாயக் குடுக்காத, பேசாம இரு" என்றார் காளியப்பன். அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இருக்க வேண்டியவள் அவள்தானே. கடைக்குப் போனால் பேச்சு சட்டென்று நின்றது. கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைக் காணோம், யாரோ நீக்கியிருந்தார்கள். ஒரு காலையில் கேட்டுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டவும் பயம், கையால் எடுக்கவும் பயம். விளக்குமாற்றால் தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். தெருவில் நாலு பேர் சேர்ந்து பேசினால் செல்லத்தின் பானை உடைந்த சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் தன் அப்பா நின்ற இடத்தில் இப்போது வாசுகி நிற்பாள் என்று தோன்றியது.

அதைவிட மோசம் வேறொன்று. தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. எங்கெங்கோ கிடந்த இறகையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தோமே, எதிலாவது ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? நாம் நல்ல மனசோடு செய்தாலும் கெட்டதாகப் போய் முடிந்திருந்தால்? ஆந்தை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. தான் செய்த பொருளின் கண்ணைப் பார்க்க அவளுக்கே தைரியம் வரவில்லை. அதற்கு முதுகு காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

லோஷினிக்கு ஆபரேஷன் என்று செல்வா காளியப்பனுக்குப் போன் செய்து சொன்னான். இரண்டு உயிரும் ஆபத்தில் இருக்கிறதாம். காளியப்பன் தகவலைச் சொல்லிவிட்டு லாரிக்குப் போனதும் சந்திரமதிக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஓடியது. மைனா, கொண்டைக்குருவி, ஆந்தை, பாதியில் நின்ற மீன்கொத்தி, டப்பா டப்பாவாகச் சேர்த்த இறகு, நூல், பசை எல்லாவற்றையும் பின்பக்கம் தகர டிரம்மில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். இறகு எரிகிற நாற்றம் தெரு முழுக்க வீசியது. பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறந்தது. அழுதுகொண்டே கிளறினாள். ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது, லோஷினி பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது.

லோஷினி பிழைத்தாள். ஆண் குழந்தை, எடை குறைவு, மற்றபடி நலம். கவின் என்று பெயர் வைத்தார்கள்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு வாசுகி வேலியோரம் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க எரிச்ச அன்னிக்கே பிரஷர் எறங்கிருச்சு. தெருவுல எல்லாரும் பாத்துச் சொன்னாங்க. எப்படியோ மனசு மாறுனீங்களே, அது போதும். நான் உங்கள மன்னிச்சிட்டேன். வந்து புள்ளயப் பாருங்க."

எரித்ததுதான் ஒப்புதல். இறங்கிய பிரஷர்தான் சாட்சி. சந்திரமதிக்கு எல்லாம் புரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை என்று கத்த வாய் வந்தது. கத்தியிருந்தால் நியாயம் இருந்திருக்கும், குழந்தை அவள் கைக்கு வந்திருக்காது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"சரி வாசு" என்றாள்.

லோஷினி குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமதி மெதுவாக, "அந்தக் கூட்ட நீ பாத்தியில்ல, அந்தக் குருவி..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க பெரியம்மா. அதான் முடிஞ்சிருச்சே" என்றாள் லோஷினி.

குழந்தை வாசுகி வீட்டிலேயே வளர்ந்தது, சந்திரமதி நாள் தவறாமல் அதைப் பார்க்கப் போனாள். குளிப்பாட்டினாள், தாலாட்டினாள். பின்பக்கத்தில் இறகு கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். குழந்தை தும்மினால் முதலில் வாசுகியின் முகத்தைத்தான் பார்ப்பாள். வயிற்றுப்போக்கு என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. சரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டாளே, அந்தக் குழந்தைக்கு எது வந்தாலும் அது அவள் கணக்கில்தான் எழுதப்படும்.

கவின் தவழ ஆரம்பித்த சமயம் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மாலை வாசுகி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு வந்தாள். கோபமே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, ஏதாச்சும் மிச்சம் வச்சிருந்தீங்கன்னா எடுத்துடுங்கக்கா."

"கிளினிக்குப் போனீங்களா வாசு?"

"போயாச்சு, மருந்தும் குடுத்தாச்சு. எறங்கல. நீங்க எடுத்துடுங்க."

குழந்தை அவளை அடையாளம் கண்டு கையை நீட்டியது. வாசுகி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

சந்திரமதி உள்ளே போனாள். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. எரிக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அலமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் பார்த்தாள். கடைசியில் பழைய செய்தித்தாள்களையும், மின்விசிறி வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியையும் சேலைத் தலைப்பால் மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். வாசுகி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமதி டிரம்மில் போட்டுத் தீ வைத்தாள். அட்டை மெல்லப் பற்றியது. வாசுகி பெருமூச்சு விட்டு, "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனாள்.

அட்டை சாம்பலாகும் வரை சந்திரமதி அங்கேயே நின்றாள். காய்ச்சல் இறங்கினால் செய்தவள் அவள்தான் என்பது உறுதியாகிவிடும். இறங்காவிட்டால் இன்னும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஆகிவிடும். இறங்கட்டும் என்றே வேண்டிக்கொண்டாள்.